டக் மூன்று, சிர்ர் ஐந்து

1955 பங்குனி. அப்துல் கஃபார் பாய் தினமும் விடிந்ததும் முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் நோணாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போய், நாணல் புதருக்கு எதிரே பைனாகுலரும் கையுமாக உட்கார்ந்து நோட்டில் எதையோ எழுதுகிறார் என்ற சேதி ஸ்டேஷனுக்கு எட்டியது. சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மாதம் ஒரு கடிதம் பாரீசுக்குப் போடுகிறார். ஊரில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள் தணிகாசலத்தை மப்டியில் அனுப்பினார். மூன்றாம் நாளே அவன் பாயின் நோட்டைப் பிடுங்கிவிட்டான். 'டக் 3, சிர்ர் 5, மணி 6.10.' பக்கம் பக்கமாக இதேதான்.

"யாருக்கு பாய் சேதி அனுப்பறீங்க?"

"குருவிக் கணக்கு தம்பி. வடக்கேருந்து வந்ததுங்க, இப்ப திரும்பப் போவுதுங்க. ரெண்டு சாதி. கொரலை வச்சுதான் பிரிக்கணும், 'டக்'னு கத்தறது ஒண்ணு, 'சிர்ர்'னு கத்தறது ஒண்ணு. சைகோன்ல கூட்டாளியா இருந்த பிரெஞ்சுக்கார முசே, இப்ப பாரீசுல இருக்காரு, எழுதி அனுப்பச் சொன்னாரு."

"இப்பக் கத்துதே, அது எது?"

"டக்."

தணிகாசலம் முழங்கால் சேற்றில் இறங்கி நாணலை விலக்கினான். மங்கிய பழுப்பில் ஒரு குருவி. பக்கத்தில் இன்னொன்று, அச்சு அசல் அதே மாதிரி. பாய் சொன்னது மெய்யா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"கண்ணை மூடிக் கேளுங்க தம்பி."

"நான் மூடினா நீங்க ஓடிடுவீங்க."

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே ஒரு வாரம் கேட்டான். மெல்லப் பிடிபட்டது. டக் என்பது பாடும்போது ஒவ்வொரு அடியையும் இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லும். நடுவே மைனா குரலையும் இழுத்துவிடும். சிர்ர் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்க்கும். சந்தேகம் மட்டும் போகவில்லை. மறுநாள் பாய்க்குத் தெரியாமல் தள்ளி ஒளிந்துகொண்டு, கேட்டதைத் தானே குறித்தான். பிறகு நோட்டை வாங்கி ஒத்துப் பார்த்தான். மணியும் எண்ணிக்கையும் அப்படியே இருந்தன. அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னான். டக் எப்படி, சிர்ர் எப்படி என்று வாயாலேயே பாடியும் காட்டினான்.

அவர் சிரிக்கவில்லை. அவனுடைய தாளையும் பாயின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கேய்யா?"

"அதான் ஐயா, பாய் சொன்னது நெசம்."

"இல்ல, அவன் பாஷை உனக்கும் வந்துடுச்சு. நாளைலேருந்து நீ போவாத. கான்ஸ்டபிள் பாவாடையை அனுப்பறேன்."

தணிகாசலம் வெளியே வந்தான். வேப்பமரத்தில் ஏதோ ஒன்று கீச்சிட்டது. நின்று கேட்க ஆசை. ஜன்னலில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்தபடி நடையைக் கட்டினான்.