கிபிரின் அடிப்பக்கம்

என் மனைவி சிவாஜினி என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, ஐம்பத்தாறு வயது, பிளாஸ்ரிக் பிளேன் ஒட்டுகிறார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவாள். இரண்டுக்கும் மருந்து இல்லை என்ற தொனி அதில் இருக்கும். அவள் பார்மசிஸ்ற். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சிட்னியின் கெல்லிவில்லில் எங்கள் கராஜுக்குள் கார் நின்று எட்டு வருடமாகிறது. அங்கே இருப்பது ஒரு மேசை, ஒரு விளக்கு, எயர்பிரஷ், சின்னச் சின்னப் பெயின்ற் போத்தல்கள், என் கழுத்துவலி. மாதம் ஒருமுறை கூடும் மொடல் கிளப்பில் நான் ஒருவன்தான் தமிழன். மற்றவர்கள் உலகப்போர்க்கால ஸ்பிற்பயர் விமானம் செய்வார்கள். பதினாறு ஸ்பிற்பயர் ஒரே மேசையில் வரிசையாக நின்றால் நடுவர்களுக்கே கொட்டாவி வரும். ஆகவே இந்த வருடப் போட்டிக்கு நான் கிபிர் செய்தேன். எங்கள் சனத்தின் தலையில் குண்டு போட இலங்கை விமானப்படை அனுப்பிய அதே விமானம், அதே நிறம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை. வித்தியாசமாக இருக்கும், நடுவர்களின் கண்ணில் படும் என்று மட்டுந்தான் நினைத்தேன். இந்தச் சனியனையும் வீட்டுக்குள் கொண்டுவந்தாச்சோ என்று சிவாஜினி கேட்டாள். வரலாறு என்று சொன்னேன். நான் தொண்ணூறாம் ஆண்டே மாணவர் விசாவில் சிட்னிக்கு வந்துவிட்டவன். கிபிர் எங்கள் பக்கம் வந்தது அதற்குப் பிறகு. அதன் சத்தத்தை யூரியூபில்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் குறை சொல்லாத அளவுக்கு.

ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒட்டி முடித்த புதுப் பிளேனைப் பழசாக்குவதுதான் வித்தை. சிவாஜினியின் ஹெயர் ஸ்பிரேயை அடித்து, சமையல் உப்பைத் தூவி, மேலே நிறம் பூசி, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் பெயின்ற் உரிந்த மாதிரி வரும். விமானி காலை வைத்து ஏறும் இடத்தில் வெள்ளிப் பென்சிலால் மெல்லக் கீறவேண்டும். எஞ்சின் வாயைச் சுற்றிக் கருந்தூளை விரலால் தேய்க்கவேண்டும். அந்தத் தூள் கடைசிவரை ஒட்டாது. யாராவது தொட்டால் தொட்டவரின் ரேகை அப்படியே பதியும். மூன்று மாதம் இப்படி ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு அழகு பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண்ணைச் சோடிக்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு பொறுமை இராது.

அந்த நேரத்தில்தான் பேர்னாட் கேட்டான்.

பேர்னாட் மன்னார்ப் பக்கத்துக் கரையோர ஊர்க்காரன். வயது நாற்பத்துநான்கு. படகில் வந்து, முகாமில் இருந்து, இப்போது கார்களின் நசுங்கல் நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கும் ஒரு பட்டறையில் வேலை. மனைவி நிஷானியோடு கிரவீனில் ஒரு வாடகை வீடு. என் காரின் பின்பக்கத்தை நான் ஒரு மதிலில் கொண்டுபோய் இடித்ததிலிருந்து பழக்கம். அவன் நாள் முழுக்கக் கீறல்களை அழிக்கிறவன். நான் காசு கொடுத்துப் பென்சில் வாங்கிக் கீறல் போடுகிறவன். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவன் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பான்.

அவனுடைய தங்கை ஞானமலர் இரண்டாயிரத்தேழில் செத்தாள். பத்தொன்பது வயது. போர்க்காலச் சாவுகளுக்குச் சாட்சியம் சேகரிக்கும் ஒரு குழு அதை இப்போது பதிகிறது. மெல்பேர்னிலிருந்து மிருணாளினி என்ற இளம் வக்கீல் பேர்னாட்டோடு பேசியிருக்கிறாள். அதே ஊர்க்காரர் இன்னொருவர், அன்றைக்குப் பிளேன் ஒன்றும் வரவில்லை, எங்கிருந்தோ வந்த ஷெல்தான் விழுந்தது என்று சொல்லிவிட்டாராம். வானத்தைப் பார்த்தவன் பேர்னாட் மட்டுந்தான். மேலே மூடாத பங்கருக்குள் மல்லாந்து கிடந்தபடி பார்த்திருக்கிறான். திங்கட்கிழமை அவன் சொல்லப்போவதை வைத்துத்தான் ஞானமலரின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று முடிவாகும்.

"அண்ணை, போனில எல்லாப் படமும் பாத்திட்டன்," என்றான். "எல்லாம் நிலத்தில நிக்கிற படம். கீழ கிடந்து பாத்த மாதிரி ஒண்டும் இல்லை. சிலதுக்கு முன்னால சின்னச் செட்டை இருக்கு, சிலதுக்கு இல்லை. உங்கட பிளேனை ஒருக்காத் தலைக்கு மேல பிடிச்சுப் பாத்தனெண்டா எனக்குத் தெரிஞ்சிடும். பிறகு தடுமாறாமச் சொல்லுவன்."

வரச் சொன்னேன். சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னான். போட்டி ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் அவனுடைய கைகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் எப்போதும் கிறீஸ் இருக்கும் கைகள். கிபிரின் மூக்கு நுனியில் தலைமயிர் மொத்தத்தில் ஒரு கம்பி. மூன்று முறை உடைந்து மூன்று முறை ஒட்டினது. கருந்தூள் நேற்றுத்தான் சரியாக வந்திருந்தது. அலமாரிக்கு மேலே பத்து வருடத்துக்கு முன் செய்த, மிராஜ் என்ற வேறொரு பிளேன் கிடந்தது. அதற்கும் அதே முக்கோணச் செட்டை, கிட்டத்தட்ட அதே உடம்பு. கிபிருக்கு முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னச் செட்டைகள்தான் இதற்கு இல்லை. வேலையால் வந்து தூசு தட்டி, மிச்சப் பெயின்றை அடித்தேன். அரை மணித்தியாலம் பிடித்தது. சின்னச் செட்டை இரண்டையும் வெட்டி ஒட்டலாமோ என்று யோசித்தேன். ஒட்டவில்லை. குண்டு விழும்போது செட்டை எண்ணுகிறவன் யார் என்று நினைத்தேன்.

உண்மையான கிபிரை ஒரு காட்போட் பெட்டிக்குள் மூடி வைத்தேன்.

சனிக்கிழமை பேர்னாட் குளித்து, சேட்டு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தான். கையைக் கழுவவேணும் என்று கேட்டு வாங்கிக் கழுவினான். இரண்டு முறை கழுவினான். மிராஜை இரண்டு கையாலும் எடுத்து, கராஜின் சீமெந்து நிலத்தில், ஒன்றும் விரிக்காமல் படுத்தான். கைகளை நீட்டி அதைத் தன் முகத்துக்கு மேலே பிடித்தான்.

நான் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தேன்.

"இது இல்லை அண்ணை."

"இதுதான்."

"முன்னுக்கு ரெண்டு காது மாதிரி இருந்தது. நான் பாத்தனான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பெட்டி ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஆனால் சொன்னால், ஏன் ஏமாற்றினாய் என்ற கேள்வி வரும். உன் கை அழுக்கு என்று அதற்குப் பதில் சொல்லவேண்டி வரும். ஒரு கெட்டிக்காரன் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வானோ அதைச் செய்தேன். விளக்கம் கொடுத்தேன். கிபிரில் இரண்டு வகை, ஒன்றுக்குக் காது உண்டு, மற்றதுக்கு இல்லை, அங்கே வந்தது காது இல்லாத வகை, என்னிடம் இருக்கிற புத்தகங்களில் தெளிவாகப் போட்டிருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தவில்லை. என் வாய்க்கு ஒரு பகிடி இல்லாமல் மூடத் தெரியாது.

"பயத்தில ரெண்டு நாலாத்தான் தெரியும், பேர்னாட். வெறியிலயும் தெரியும். நீர் அண்டைக்கு எதில இருந்தனீர்?"

அவன் சிரித்தான். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தான். எழுந்து, சேட்டின் முதுகுப்பக்கத்துத் தூசியைத் தட்டாமலே, மிராஜை மேசையில் பக்குவமாக வைத்தான். நீங்கள் படிச்ச ஆள், சரியாத்தான் இருக்கும் என்றான். போட்டு வாறன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. எங்கள் பிரிவில் மொத்தம் நான்கு பேர். நாலாமவருடைய பிளேனுக்குச் சில்லு கழன்றுவிட்டது. ஒரு நடுவர் சின்னக் கண்ணாடியை வைத்து என் கிபிரின் அடியைப் பார்த்து, மேற்பக்கம் அருமை, அடிப்பக்கத்தில் நீ கவனம் வைக்கவில்லை என்றார். வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்து, குடும்ப வட்ஸப்பில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பென்டில் ஹில்லில் மரக்கறிக் கடைக்கு முன்னால் பேர்னாட்டைக் கண்டேன். அவனாகவே கிட்ட வந்து என் கையைப் பிடித்தான்.

"பெரிய உதவி அண்ணை. உங்களிட்ட வராமப் போயிருந்தா நான் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பன்."

என்ன சொன்னாய் என்று கேட்டேன். மிருணாளினியிடம் உள்ளதைச் சொன்னானாம். காது வைச்ச பிளேன் என்று இத்தனை வருடமாக நம்பியிருந்தேன், அங்கே வந்தது அப்படி இல்லையாம், அப்படியென்றால் நான் பார்த்ததே பிறகு எங்கேயோ படத்தில் பார்த்ததாக இருக்கலாம், பிளேன் வந்ததா இல்லையா என்றுகூட இப்போது நிச்சயமில்லை என்றானாம். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். சாட்சிக்குத் தாங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று கடைசியில் விட்டுவிட்டாளாம். ஞானமலரின் பெயருக்கு எதிரே, காரணம் உறுதிப்படுத்தப்படவில்லை என்று எழுதியிருக்கிறது.

"மனசு ஒரு மாதிரித்தான் இருக்கு," என்றான். "ஆனா அவளின்ர பேரில பொய் சொல்லேலாது தானே."

வீட்டுக்குப் போய்க் கிபிரைப் பெட்டியோடு தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு நேரே கிரவீனுக்குப் போனேன். பொறுமையாக ஓட்டவில்லை. ஒரு வளைவில் பெட்டிக்குள் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. நிற்காமல் போனேன்.

பேர்னாட் வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அது வேறு பிளேன், இதுதான் கிபிர், உன் கையில் தர எனக்கு மனமில்லாமல் போனது, அங்கே வந்தது காது இல்லாத வகை என்று சொன்னது சுத்தப் பொய் என்று ஒன்றுவிடாமல், பகிடி இல்லாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் இரண்டு நிமிடம் பகிடி இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

அவன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அதை எடுத்தான். புல்லில் படுக்கவில்லை. நின்றபடியே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முகத்தை நிமிர்த்தி, நீண்ட நேரம் பார்த்தான். காயப்போட்ட நிஷானியின் சீலை ஒன்று அவனுடைய தோளில் வந்து வந்து பட்டது.

"இது மற்ற வகை, என்ன?" என்றான்.

"மற்ற வகை அங்க வரவேயில்லை பேர்னாட். நான் சொன்னது பொய். அங்க வந்தது இதுதான். இப்பவே மிருணாளினிக்குப் போன் எடும். நானும் கதைக்கிறன்."

அவன் கிபிரை இறக்கி என் கையில் தந்தான். தன்னைவிடச் சின்னவனுக்குச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னான்.

"அண்ணை, நான் கவலைப்படுறன் எண்டு எனக்காகத்தானே காது வைச்சதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தனீங்கள். எனக்கு விளங்குது. நீங்கள் நல்ல மனுசன். ஆனா ஒருக்கா இல்லை எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த நாளே ஓம் எண்டு சொல்லுறவனை ஆர் நம்புவினம்? நானே நம்பமாட்டன்."

நிஷானி குசினி யன்னலால் தலையை நீட்டி, அருந்தவன் அண்ணைக்குத் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டாள். அவன் என்னைக் கேட்காமல், ஒரு கரண்டி போதும் என்று பதில் சொல்லிவிட்டு, கூடையில் மிச்சமிருந்த உடுப்பை எடுத்து உதறினான்.