கண் திறக்காத டிராக்டர்

ராசாங்கம் சிமெண்டு ஆலையின் இரவு ஷிப்டை விட்டு நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பகலில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு அரியலூரில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் சேர்ந்தான். கம்பெனிகள் டீலர்களுக்கு அனுப்பும் இரும்புப் பொம்மை டிராக்டரை அங்கேதான் முதலில் பார்த்தான். உள்ளங்கையில் அடங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். அன்று பிடித்த கிறுக்கு. வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுக்க டிராக்டர், டிரெய்லர், கொத்துக்கலப்பை, கதிரடிக்கும் மெஷின் என்று சேர்ந்துவிட்டது.

"உழுவ ஒரு குழி நெலம் இல்ல. வூட்டுக்குள்ள மட்டும் பண்ணையாராட்டம் வண்டி நிக்கிது" என்பாள் அவன் மனைவி அம்சவள்ளி.

அவனிடம் இல்லாதது ஒன்றுதான். சட்டிக்கலப்பை பூட்டிய சிவப்பு டிராக்டர். பின்னால் உள்ள நெம்புகோலை அழுத்தினால் கலப்பை மேலே ஏறும். ஒரு வருஷம் மட்டும், புது வண்டி வாங்கியவர்களுக்குக் கம்பெனி அதைக் கொடுத்தது. அந்த வருஷம் வண்டி எடுத்தவர்களில் ஒருவர் செந்துறைப் பக்கத்து விவசாயி இளையபெருமாள். பில்டர் வாங்கக் கடைக்கு வந்தவரிடம் ராசாங்கம் கேட்டுவிட்டான்.

"அந்தப் பொம்மையா? அய்யனாருக்கு விட்டுட்டனே" என்றார் அவர். "ஏரிக்கரையில வண்டி சாஞ்சுபோச்சு. கீறல் இல்லாம எந்திரிச்சேன். மண்ணுல டிராக்டர் செஞ்சு விடுறதா வேண்டிக்கிட்டேன். மண்குதிரை செய்யிற வேளாரு என்னடான்னா, குதிரை கேளு, நாய் கேளு, டிராக்டருக்குச் சக்கரம் நிக்காதுங்கிறாரு. சரின்னு அதையே வச்சுட்டேன்."

"வெயில்லயும் மழையிலயுமாங்க?"

"சாமியே அங்கதான தம்பி நிக்கிது."

"நான் எடுத்துக்கட்டுங்களா?"

"குடுத்ததுல எனக்கு இனி என்ன பேச்சு? பூசாரியக் கேளு. அந்த வேளாருதான் பூசாரியும்."

வெள்ளிக்கிழமை லீவு போட்டான். கிளம்புமுன் கதிரடிக்கும் மெஷினைத் தரையில் இறக்கி, தட்டில் இடம் பண்ணி வைத்தான். செந்துறை பஸ்ஸில் போகும்போதே பூசாரியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டான்.

அய்யனார் கோயிலில் முந்திரித் தோப்பை ஒட்டி மண்குதிரைகள் வரிசையாக நின்றன. கடைசிக் குதிரையின் காலடியில் சிவப்பு டிராக்டர். பானட்டில் குங்குமம், டயரில் வெடிப்பு. ராசாங்கம் குந்தி நெம்புகோலை அழுத்தினான். துருவேறி இறுகிக் கிடந்தது.

"தொடாதீங்க. சாமி சொத்து" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கருப்பண்ண வேளார்.

ராசாங்கம் எழுந்து, வந்த விஷயத்தைச் சொன்னான். பிறகு கேட்டான்: "ஒரு குதிரை எப்பங்க சாமிக்குச் சொந்தமாவுது?"

"கண்ணு தொறந்தப்புறம். மை வைக்கிற வரைக்கும் அது வெறும் மண்ணு. ஒடஞ்சா அள்ளிக் கொட்டிடுவேன்."

"இதுக்குக் கண்ணு தொறந்தீங்களா?"

வேளார் தலையைச் சொறிந்தார். "இதுக்கு ஏதுங்க கண்ணு?"

"அப்ப இன்னும் வெறும் இரும்புதானுங்களே."

வேளார் குனிந்தார். டிராக்டரைக் கையில் எடுத்து, முதன்முறையாக அதை நன்றாகப் பார்த்தார். ராசாங்கம் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"மூஞ்சியில ரெண்டு உருண்டை இருக்கே, அது என்ன?"

ஏதாவது போல்ட்டு என்று சொல்லியிருக்கலாம். டிராக்டர் விஷயத்தில் அவனுக்குத் தப்பாகச் சொல்ல வராது.

"ஹெட்லைட்டு."

"இருட்டுல வழி தெரியறதுக்கா?"

"ஆமாங்க."

"அப்ப அதான கண்ணு!"

வேளார் பக்கத்து அகல்விளக்கின் கரியை விரலில் தொட்டு, இரண்டு ஹெட்லைட்டிலும் பொட்டு வைத்தார். குதிரையின் காலடியில் திரும்ப வைத்துக் கும்பிட்டார். "இத்தினி நாளா விட்டுப்போச்சு. நல்லவேளை, நீங்க வந்து ஞாபகப்படுத்துனீங்க."

ராசாங்கம் துண்டை மடித்துத் தோளில் போட்டான். "எண்ணெ போடலாமுங்களா?" என்று கேட்டான்.

"தாராளமா."

விளக்கிலிருந்த எண்ணெயை விரலில் எடுத்து நெம்புகோலில் விட்டான். அழுத்தி அழுத்தித் தளர்த்தினான். கலப்பை மெல்ல மேலே ஏறியது.

"அட, ஏறுதே!" என்று வேளாரும் குனிந்து ஒருதரம் அழுத்திப் பார்த்தார்.

வீட்டில் அம்சவள்ளி காலியான இடத்தையும் அவன் கையையும் பார்த்தாள். "எங்க?"

"அதுக்குக் கண்ணு தொறந்துட்டாங்க."

"ஆரு?"

அவன் தரையிலிருந்த கதிரடிக்கும் மெஷினை எடுத்துத் தூசி தட்டி, பழைய இடத்திலேயே வைத்தான்.