பதினோராம் பக்கம்

"இன்னும் மேல," என்றாள் அவள். "எல்லாத்துக்கும் மேல வரணும்."

அவர் மடியிலிருந்த கணினியில் அந்தப் பத்தியை வெட்டி, குறிப்பின் தலைமாட்டில் கொண்டுபோய் ஒட்டினார். இரண்டே விரலில் தட்டுகிறவர், அதனால் எல்லாவற்றுக்கும் நேரமாகும். மனைவி படுத்திருந்த, வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் முன்னறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. நாற்காலி போட மிஞ்சிய இடத்தில் முழங்கால் கட்டில் சட்டத்தில் இடித்தது. அதில் இரண்டு மாதமாக இடித்து இடித்து இப்போது வலிப்பது கூட நின்றுவிட்டது. மதியம் மூன்று மணி. காலையில் வந்து பார்த்த டாக்டர், வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான், இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சின்ன ஆஸ்பத்திரிகளுக்கான ஒரு தடுப்பூசிப் பதிவேட்டுக்குத்தான் அந்தக் குறிப்பு. எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி எப்போது போட்டது, அடுத்தது எப்போது என்று வைத்துக்கொள்ளும் மென்பொருள். பதினான்கு வருடத்துக்கு முன்னால், ஆபீஸ் விட்டு வந்த சாயங்காலங்களில் அவள் எழுத ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். முகம் தெரியாதவர்களுக்காக இப்படி மாடாய் உழைப்பதை அவர் ஆரம்பத்தில் கிண்டல் செய்ததுண்டு. பிறகு அவரே அந்த மாட்டுக்கு உதவியாளர் ஆனார். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் கூடவே ஒரு குறிப்பு போக வேண்டும்: என்ன மாறியிருக்கிறது, எது சரியாகியிருக்கிறது, எதில் கவனம் தேவை. எட்டு மாதமாக அவள் கை நடுங்குகிறது. குறிப்பையும் கையேட்டையும் அவள் சொல்ல, அவள் பெயரில் திறந்து கிடக்கும் கணினியில் அவர் தட்டுவார்.

"படிங்க."

அவர் படித்தார். "முக்கியம். சென்ற பதிப்பின் கையேட்டை அச்செடுத்து வைத்திருப்பவர்கள் பதினோராம் பக்கத்தைக் கிழித்துப் போடவும். அதில் நான்காம், ஐந்தாம் வரிகள் இடம் மாறியிருக்கின்றன. அப்படியே செய்தால் பதிவேடு முழுவதும் அழிந்துவிடும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இன்னொரு வரி சொன்னேனே."

சொல்லியிருந்தாள்தான். இந்தத் தவறு என்னுடையது என்று ஒரு வரி. அதை அவர் விரல்கள் தட்டவில்லை. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். நாய்க்கும் மழைக்கும் நடுவில் நின்று எழுதிய எண்களில் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவர் கோட்டை விட்டது இந்தப் பதினோராம் பக்கத்தில்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்தது. அவள் நடுங்கும் கையால் பென்சில் பிடித்துக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போயிருந்தாள். துணைக்கு அவள் தங்கை போயிருந்தாள். இவர் வீட்டில் உட்கார்ந்து தட்டினார். பழைய பதிவேட்டை நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள் என்பது நான்காவது வரி. பழைய பதிப்பை நீக்குங்கள் என்பது ஐந்தாவது. இரண்டும் 'பழைய' என்றுதான் ஆரம்பிக்கும். கண் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டது. பிறகு விட்டுப்போனதைக் கவனித்து, இதோ இருக்கிறதே என்று கீழே சேர்த்தார். கணினி தானாகவே எண்களைச் சரி செய்து அழகாக நான்கு, ஐந்து என்று காட்டியது. சாயங்காலம் அவள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தபோது, படித்துப் பார்க்கிறாயா என்று கேட்டார். போடுங்க என்று கையை மட்டும் ஆட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நர்ஸிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கையேட்டில் இருந்தபடியே செய்ததாகவும், நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் பதிவு போய்விட்டதாகவும், இப்போது வீடு வீடாக நடந்து தாய்மார்களிடமிருக்கும் அட்டைகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பதாகவும், இதுவரை நூற்று எழுபது ஆகியிருப்பதாகவும் எழுதியிருந்தாள். வீடு வீடாக நடப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். இணையத்திலிருந்த கையேட்டை அன்றைக்கே சரி செய்தார்கள். ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகள் காகிதத்தை நம்புபவை. அச்செடுத்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். அது எத்தனை சுவரில் தொங்குகிறதோ. புதிய பதிப்பு வந்தால்தான் எல்லோரும் குறிப்பைப் படிப்பார்கள், அதற்காகத்தான் இந்த அவசரம்.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து, தட்டியது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். தினமும் அவளுக்கு ஏதாவது ஒரு வலி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அந்த வரி வேண்டாம்," என்றார். "அது உன் தப்பு இல்ல. அன்னிக்கு நீ எழுதி வச்சிட்டுப் போன தாள்ல..."

"தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் மூடித்தான் இருந்தது.

"எப்பத்திலேர்ந்து?"

"கடிதம் வந்த அன்னிக்கே. நீங்க தட்டி முடிச்சப்புறம் பென்சில் தாளை என் பையிலதான் எடுத்து வச்சிருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நாலு நாள் சாப்பிடாம கிடப்பீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம் எனக்கு யார் சமைச்சுப் போடுறது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மாதம் ஒரே அறையில் இரண்டு பேரும் ஒன்றையே மூடி மூடி வைத்திருக்கிறார்கள். அவள் அவருக்காக, அவர் தனக்காக.

"படிக்காம போடச் சொன்னது நான்," என்றாள். "என் பேர்ல போனது. தப்புன்னா யார் பண்ணினதுன்னு சொல்லணும். 'நடந்துடுச்சு'ன்னு மொட்டையா எழுதினா நாளைக்கு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. போடுங்க."

அவர் போட்டார். இந்தத் தவறு என்னுடையது. இரண்டு விரலில் அது ரொம்ப நேரம் எடுத்தது. போட்டுவிட்டதாகச் சொன்னதும் அவள் தண்ணீர் கேட்டாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்.

அதற்கப்புறம் சில்லறைத் திருத்தங்கள் இருந்தன, பதினேழு. தேதி தவறாகக் காட்டியது, இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை விழுங்கிவிடுவது, அச்சடிக்கும்போது கடைசி நெடுவரிசை வெட்டுப்படுவது. ஒவ்வொன்றாக அவர் படிக்க, அவள் சரி என்றாள். பிறகு தலையை மட்டும் அசைத்தாள். பிறகு விரலை. சமையலறையில் அவள் தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பன்னிரண்டாவதைப் படித்தார், பதின்மூன்றாவதைப் படித்தார். பதினாறாவதை முடித்துவிட்டு அவள் விரலைப் பார்த்தபோது அது அசையவில்லை. எதன் நடுவில் போனாள் என்று தெரியவில்லை. அவர் பதினேழாவதையும் படித்தார். ஏன் படித்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதியில் விட மனசில்லை. அதன்பிறகுதான் மச்சினியைக் கூப்பிட்டார்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் வந்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அவரை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தி உட்கார வைத்தார்கள். அவளுடைய ஆபீஸ்காரர்கள் மூலையில் நின்று தணிந்த குரலில் பேசினார்கள். வீட்டுக்குத் திரும்பியபோது கட்டிலைக்கூட வாடகைக்குக் கொடுத்தவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார். முன்னறை திடீரென்று அவ்வளவு பெரிதாக இருந்தது. நாற்காலி மட்டும் பழைய இடத்திலேயே, எதையும் பார்க்காமல் கிடந்தது. அவர் அதிலேயே உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. மச்சினி எடுத்துப் பார்த்துவிட்டு, ஆந்தை என்று வருகிறது அத்தான், யாரது என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். ஆந்தை என்பது அந்த வேலையில் அவளுக்குக் கூட்டாளி. இங்கே பகலாக இருக்கும்போது அங்கே நடுநிசி, அதனால் அவள் வைத்த பெயர். எட்டு வருடமாக எழுத்தில் மட்டும் பழக்கம். அவருடைய மனதில் ஆந்தைக்கு ஒரு மீசையும் தொந்தியும் இருந்தன. போனில் பேசியது ஒரு பெண். ஆபீஸ்காரர்கள் யாரோ அவளுக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். பேச ஆரம்பித்து, முடியாமல், கொஞ்ச நேரம் அழுதாள். அவர் காத்திருந்தார். அழுகையை ஆற்றுவதற்கு அவரிடம் தெம்பில்லை.

பிறகு அவள் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். இதைக் கேட்க வாய் வரவில்லை, ஆனால் பதிப்பு தயாராக இருக்கிறது, ஒவ்வொரு நாளும் எங்காவது ஒருத்தர் அந்தப் பதினோராம் பக்கத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். இன்றே போட்டுவிட்டால் நல்லது. அவர் போடலாம் என்றார். ஆனால் குறிப்பில் அந்த முதல் பத்தியின் கடைசி வரி தன்னால் தாங்க முடியவில்லை என்றாள் ஆந்தை. பதினான்கு வருடம் உழைத்தவருடைய பெயரில் கடைசியாக நிற்பது அதுவா? ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று மாற்றிவிடலாமே, யாருக்கும் நஷ்டமில்லையே.

மாற்றிவிட்டால் எவ்வளவு சுலபம் என்று அவருக்கும் தோன்றியது. யாருடைய தப்பும் இல்லாத ஒரு தப்பு. அவள் சொன்னபடியே விட்டாலும் சுலபம்தான். சொன்ன பேச்சைக் கேட்ட புருஷன் என்று இருந்துவிடலாம். அவர் களைத்துப் போயிருந்தார். எது சுலபமோ அதைச் செய்துவிட்டுத் தரையில் அப்படியே படுத்துவிடலாம் போலிருந்தது.

"அது அவ தப்பு இல்லம்மா," என்றார். "நான் பண்ணினது."

எல்லாவற்றையும் சொன்னார். பென்சில் தாள், இரண்டு 'பழைய', ஆட்டிய கை. ஆந்தை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, மாற்றிய வரியெல்லாம் யார் எப்போது மாற்றியது என்று இங்கே பதிவாகியிருக்கும், அதில் அக்கா பெயர்தான் இருக்கிறது என்றாள். இருக்கும், அவள் பெயரில்தானே தட்டினேன் என்றார் அவர்.

"அவங்க சொன்ன வரிய நாம மாத்துறோமே சார். அவங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது. நல்லா திட்டுவா," என்றார். "ஆனா யார் பண்ணினதுன்னு சொல்லணும்னு அவதான் சொன்னா."

அப்படியானால் அவர் தன் பெயரில் திருத்தி அனுப்ப வேண்டும், அவளுடைய பெயரிலிருந்து வெளியே வந்து புதிதாகச் சேர வேண்டும் என்று ஆந்தை வழி சொன்னாள். அவர் கணினியைத் திறந்தார். மேல் மூலையில் அவள் பெயர் இருந்தது. அதை அழுத்தினால் கடைசியில் 'வெளியேறு' என்று வந்தது. மறுபடி உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். அதை அவர் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. எட்டு மாதமாகத் திறந்தே கிடந்ததால் கேட்கத் தோன்றவுமில்லை. ஆந்தை அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சா சார் என்று கேட்டாள். இரும்மா என்றார். மச்சினி கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. அதற்குப் பிறகுதான் அழுத்தினார். அவள் பெயர் போய், வெறும் வெள்ளைத் திரையில் உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

பெயர், மின்னஞ்சல், மறக்காத ஒரு கடவுச்சொல். அதிலேயே அரை மணி நேரம் போயிற்று. பிறகு அந்தக் கடைசி வரியை அழித்துவிட்டு இரண்டு விரலில் எழுதினார்.

"என் மனைவி எழுதிக் கொடுத்தது சரியாகவே இருந்தது. தட்டச்சு செய்தது நான். வரிகளை மாற்றிப் போட்டதும் நான். அந்த நர்ஸிடமும், இப்படிப் பதிவுகளை இழந்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

அனுப்புவதற்கு முன்னால் மூன்று தடவை படித்தார். ஒவ்வொரு வார்த்தையிலும் விரலை வைத்து, மீட்டர் எண்ணைப் பார்ப்பதுபோல. ஆந்தையும் படித்தாள். சரி சார், நான் ஏற்றிவிடுகிறேன், பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் போய்விடும் என்றாள். நன்றி சொன்னாள், தூங்குங்கள் என்றாள், வைத்துவிட்டாள்.

திரையில் அவர் அனுப்பியதற்குக் கீழே ஏதோ ஒன்று வந்து நின்றது. முதலில் ஆந்தைதான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தார். அதில் இருந்தது அவருடைய மனைவியின் பெயர். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'தானியங்கிச் செய்தி' என்று இருந்தது. புதிதாக யார் சேர்ந்து முதல் திருத்தத்தை அனுப்பினாலும் தானாகப் போகும்படி, எந்த வருடத்திலோ அவள் எழுதி வைத்தது. எட்டு மாதமாக அவள் பெயருக்குள்ளேயே இருந்தவருக்கு அது வந்ததில்லை.

"வணக்கம். இது உங்கள் முதல் திருத்தம் என்று நினைக்கிறேன். ஒரு வரியானாலும் பெரிய உதவி. தப்பாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள், இங்கே அதிகமாகத் தப்பு செய்தது நான்தான். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கீழே உள்ள பெட்டியில் எழுதுங்கள். இரண்டு நாளில் பதில் சொல்கிறேன்."

கீழே பெட்டி இருந்தது. அதில் ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது. டீயைச் சூடு பண்ணித் தரட்டுமா அத்தான் என்று உள்ளேயிருந்து மச்சினி கேட்டாள். அவர் இரண்டு விரலையும் எழுத்துகளின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.