கடுங்காப்பியில் கிடந்த கத்தி

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கறை என்றால் ஜென்மப் பகை. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் பளபளாக்கா. வேலை போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. கையும் சும்மா இருக்கப் பழகவில்லை.

தம்பி மனைவிக்கு ஹோட்டலில் சமையல் வேலை. அவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கேள்விப்பட்ட அன்றே பளபளாக்கா பெட்டியோடு தம்பி வீட்டில் வந்து இறங்கிவிட்டாள். உண்மையைச் சொன்னால், மகன் வீட்டிலிருந்து கிளம்ப ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மருமகளின் கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டுச் சுருங்கவைத்த நாளிலிருந்து, அங்கே அவள் எதைத் தொட்டாலும் சிரித்த முகத்தோடு கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். நீங்க உட்காருங்க அத்தை என்பாள் மருமகள். திட்டித் தீர்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்தாம் நாள், சமையலறை மேல்தட்டில் துணி சுற்றிய கத்தி ஒன்று அகப்பட்டது. நல்ல மரப்பிடி. ஆனால் அலகு முழுக்கக் கறுப்பும் சாம்பலுமாக வரிவரியாய்க் கறை. கை உடைந்த பிள்ளை எங்கே தேய்க்கப்போகிறாள் என்று மனம் இளகிப்போய், கம்பி நாரும் துலக்கும் தூளுமாக ஒரு மணி நேரம் தேய்தேய் என்று தேய்த்தாள். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த தம்பி மனைவி கத்தியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, நன்றாக இருக்கிறது அண்ணி என்றாள். வாய்தான் சொன்னது.

தம்பி வாயில் எதுவும் தங்காது. மறுநாள் காலையிலேயே போட்டு உடைத்தான். அது கறையே இல்லையாம். இரண்டு வகை எஃகைச் சேர்த்து மடித்து மடித்து அடித்து, அமிலத்தில் தோய்த்து வரவழைத்த வரிகளாம். பத்து வருஷம் ஒன்றாக வேலை செய்ததற்காகச் சமையல்கூடத் தோழிகள் சொல்லிச் செய்து கொடுத்ததாம்.

பளபளாக்காவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அறைக்குப் போய்த் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். இங்கேயும் உட்காருங்கள் என்று சொல்லிவிடுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். அதை இன்னொரு வீட்டில் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

கட்டுப் போட்ட கையை அணைத்துக்கொண்டு தம்பி மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

"நேத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு அண்ணி. ஆனா அந்த வரி மேலோட போறதில்ல, உள்ள வரைக்கும் இருக்கு. கடுங்காப்பியில இருக்கற அமிலத்துல ஊறவெச்சா திரும்ப வந்துடும். எனக்கு ஒரு கைதான் இருக்கு, நீங்கதான் செய்யணும். பெட்டிய அப்புறம் கட்டிக்கலாம், வாங்க."

பளபளாக்கா போனாள். சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினாள். பால், சர்க்கரை இல்லாமல் தார் மாதிரிக் காப்பி கலந்தாள். ஆறியதும் உயரமான ஜாடியில் ஊற்றி, பிடி நனையாமல் கத்தியை நிறுத்தினாள். தனக்கு அரைக் கரண்டித் தூள், கத்திக்கு முழு பாட்டிலா என்று தம்பி புலம்பினான். அவனை யாரும் சட்டை செய்யவில்லை. மாலைவரை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று தம்பி மனைவியின் உத்தரவு. பளபளாக்கா ஜாடிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

மாலையில் எடுத்துக் கழுவி, ஈரமில்லாமல் ஒற்றினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒரு வரி, அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு அலகு முழுக்க. முன்பிருந்த அளவு கறுப்பில்லை. ஆனாலும் எல்லாம் இருந்தன.

பஞ்சில் எண்ணெய் தொட்டு அலகில் தடவினாள்.

"என்னைய மன்னிச்சவங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா. கெடுத்தத நானே சரிபண்ண விட்டது நீ ஒருத்திதான். இத நான் மறக்கமாட்டேன்."

தம்பி மனைவிக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண்ணெய் கொஞ்சம் அதிகம், இன்னொரு தடவை துடையுங்கள் அண்ணி என்றாள். பளபளாக்கா துடைத்தாள்.