மடைப்பலகையும் மூன்று அறிஞரும்

பூதப்பாண்டிக்கு அப்பால், தாடகை மலையின் நிழல் சரிவில் இறங்கி, வாழைத் தோட்டங்களைக் கடந்து, நெல்வயல்களின்மேல் மெல்லப் படரத் தொடங்கும் தைத் திங்களின் பிற்பகலில், நாவற்குளத்தின் நீண்ட கரைமேல் நின்று கீழே நோக்குவார்க்கு, இந்நாட்டைவிட்டு வேறிடம் சென்று பிழைக்க மனம் கொண்டோர் எவ்வாறுதான் கொண்டனரோ என்னும் வியப்பே முதலில் எழும். பசுமைக்குப் பசுமையே வரம்பாக வயல்கள் விரிந்து கிடக்க, இடையிடையே கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்க, காற்று வந்து கதிர்களைக் கலைத்துவிட்டுப் போகும். ஆயினும், கற்றறிந்த அன்பரே, கண்ணைச் சற்றே தாழ்த்திக் குளத்தைப் பாரும். அணையிலிருந்து வரும் பெருங்கால்வாயை அடைத்துவிட்டனர்; நீர் படிப்படியாய் வற்றி, தாமரைத் தண்டுகள் வெளித்தெரிய, நடுவே தேங்கிக் கிடப்பதைக் கொண்டே, மாசியில் அறுவடையாகும் கும்பப்பூ நெல் முழுவதும் பால் பிடித்தாக வேண்டும்.

இத்தகைய நாளில் குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சுவர். முறைக்கு உரியவர் தம் மடையருகே ஆள் நிறுத்திக் காக்க வேண்டும். பிற்பகல் முறையாயின் பொழுது சாய்ந்தால் முடிந்தது. காவல் தவறிப் பிறர் வயலில் ஏறிய நீரைத் திருப்பிக் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை. இவை எங்கும் எழுதப்படாதவை. எனினும் எழுதப்பட்ட பலவற்றைக் காட்டிலும் நன்கு நடப்பவை.

அன்றைய பிற்பகல் முறை ரேஷ்மிக்கு உரியது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் அவள், தாய் விட்டுச் சென்ற வயலில் தானே விதைத்த முதற்பயிர் அது. வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவள் அண்ணன், வயலை மண்ணடித்து மனைகளாக்கி விற்றுவிடலாம் என்று பலகால் சொல்லிச் சலித்தபின், ஒரே ஒரு பூ, ஒரு போகம், விளைவித்துக் காட்டு, விளையாவிடில் மறுபேச்சின்றிக் கையொப்பமிடு என்று கூற, அவளும் இசைந்திருந்தாள். கதிர்கள் பால் பிடிக்கும் அந்நாளில் நீர் பாயாவிடில் எல்லாம் பதராகும். பயிரோடு வயலும் போகும். ஆதலால், வகுப்பில் ஆயிரம் கேள்விகளுக்கு அஞ்சாத அப்பெண், வானத்தில் கதிரவன் நகர்வதைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவளோடு மூவர் வந்திருந்தனர். மறுநாட் காலை அவர்கள் கல்லூரியில் 'பொதுமை' என்னும் பொருள்பற்றிய கருத்தரங்கு. அதன் தொடக்கவுரைக்கு, பொதுமை என்றால் யாது என ஒரு விளக்கம் எழுத வேண்டிய குழுவினர் இந்நால்வரே. பலமுறை கூடியும் ஒருவரி எழுதியபாடில்லை. முறைநாளை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வர இயலாது, வேண்டுமானால் வயலுக்கு வாருங்கள் என்று ரேஷ்மி சொல்ல, சட்டவியல் ராஜகுமாரும், தாவரவியல் குளோரியும், வரலாற்றுத் துறைச் சத்தியநேசனும் காலணிகளைக் கையிற் பிடித்தவண்ணம் வரப்பில் தள்ளாடி வந்து சேர்ந்தனர்.

குளத்து வாய்க்கால் ரேஷ்மியின் வயலோரமாகவே ஓடி, அப்பால் அண்டை வயற்காரர் தாணுலிங்கத்தின் வயலை அடையும். குறுக்கே ஒரு பலகையை நிறுத்தினால் நீர் இவள் வயலுக்குத் திரும்பும். பலகை சாய்ந்தால் நேரே அவர் வயலுக்குப் போய்விடும். பலகையோ பழையது, பள்ளத்தில் பொருந்தாதது. நீரின் விசைக்கு எதிராக ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்நேரம் பார்த்து, வாழைத் தோட்டத்துக்கு அப்பாலுள்ள கடைசி வரப்பில் நண்டு வளைகள் வழியே நீர் கசிவதைக் கண்ட ரேஷ்மி, அவற்றை அடைத்துவிட்டு வருமளவும் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூவரிடமும் பொதுவாகச் சொல்லிச் சென்றாள். அவள் செய்த பிழை அந்தப் 'பொதுவாக' என்பதே.

முதலில் ராஜகுமார் பிடித்தார். வழக்கத்தால் நிலைபெற்ற கூட்டுரிமையே பொதுமை என்று அவர் கூற, நெற்பயிருக்கு உள்ள உரிமை கொக்குக்கும் தாமரைக்கும் இல்லையா என்று குளோரி மறுத்தார். இரு கைகளையும் விரித்து விடைசொல்லிப் பழகிய ராஜகுமார், பலகையைக் குளோரியிடம் தந்தார். குளோரி அதைச் சத்தியநேசனின் காலருகே சாய்த்துவிட்டு, சான்றுகாட்ட ஒரு நீர்ச்செடியைப் பிடுங்கக் குனிந்தார். சத்தியநேசனோ அதை நோக்கவே இல்லை. இந்தக் கரையில் கால்வைக்க விடப்படாதவர்களும் ஒருகாலத்தில் இருந்தனர், வெட்டிய கைகளுக்கே மறுக்கப்பட்ட குளத்தை எல்லார்க்கும் உரியதென்று சொல்ல உங்களுக்கு நா எழுகிறதா என்று அவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பலகை சாய்ந்து நெடுநேரம் ஆயிற்று. நீர் சலசலத்து ஓடியது. மூவரும் அதைக் கண்டு மகிழவும் செய்தனர். எந்தப் பச்சை யாருடைய பச்சை என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

கை முழுதும் சேறாக ரேஷ்மி திரும்பி வந்தபோது, அவள் வயல் வெடிப்புகள் வெடிப்புகளாகவே இருந்தன. கதிரவன் மலைக்குப் பின்னே இறங்கிவிட்டான். அடுத்த முறை வர இருவாரம் ஆகும். சாய்ந்து கிடந்த பலகையையும் நண்பர்களையும் மாறிமாறிப் பார்த்தவள், வரப்பில் அமர்ந்து அழுதாள். மூவரும் குற்றம் தம்முடையதென்று உணர்ந்தனர். ஆறுதல் சொல்லும் தகுதியும் தமக்கில்லை என்று உணர்ந்தமையால் அருகே நின்றனர்.

அப்போது தாணுலிங்கம் மண்வெட்டியைத் தோளில் ஏந்தி வந்தார். வரப்பு வெட்டியதில் ரேஷ்மியின் தாயோடு மூண்ட பிணக்கால், அக்குடும்பத்தாரோடு பேச்சை விட்டவர் அவர். வந்தவர் நின்றார், இருமினார், வாய்க்காலையே நோக்கிச் சொன்னார்:

"எனக்க வயலுல தண்ணி ஏறிட்டு மக்கா. நாளைக்கு வெளுப்பாங்காலம் எனக்க முறை. அத நீ எடுத்துக்கோ."

ரேஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏறுன தண்ணியத் திருப்பிக் கேக்கப்பிடாதுல்லா மாமா?"

"நீ எங்க கேட்ட? நான்லா சொல்லுகேன்." சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். "பலகை சாஞ்சப்பமே பாத்துட்டேன். ஒரு விளி விளிச்சிருக்கலாம். வாய் வரல்ல. உனக்க வயல மண்ணடிச்சா எனக்கு வாய்க்கா ஏதுன்னு பொறவுதான் புத்தில ஓடிச்சு."

இவ்வளவே பேச்சு. ஒருவர் முறையை மற்றவர்க்கு ஈய வேண்டுமாயின் மடையருகே நின்று வாயாற் சொல்ல வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். அவ்வண்ணமே மறுநாள் விடியலில் பனியில் நனைந்து வந்து, தம் முறையை ரேஷ்மிக்குக் கொடுத்ததாக அவர் உரக்கச் சொன்னார். கேட்டவர் மூவர்: வேட்டியை மடித்துக் கட்டிய ராஜகுமார், சேலையைச் செருகிய குளோரி, முழங்காலளவு சேற்றில் சத்தியநேசன். ஆளுக்கொரு மூலையாகப் பலகையைப் பிடித்த அவர்கள், நீர் கடைசி வரப்பைத் தொடுமட்டும் வாயே திறக்கவில்லை. அதற்குமுன் அவர்கள் அவ்வளவு நேரம் பேசாதிருந்ததைக் கண்டவர் எவரும் இலர்.

கருத்தரங்கு பிந்தியே தொடங்கிற்று. விளக்கம் எங்கே என்று அவையோர் கேட்க, சேறு உலராத காலோடு மேடையேறிய ராஜகுமார், விளக்கம் தேடி வாதிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தாங்கள் பலகையைக் கைவிட்ட செய்தியை உள்ளவாறே உரைத்தார். அவை சிரித்தது. தாணுலிங்கம் முறையைத் தந்தது தம் வாய்க்காலைக் காக்கவா, இரக்கத்தாலா என்று நான்கு துறையினரும் அன்று மாலைவரை வாதிட்டும் முடிவு காணவில்லை. இரண்டுமாய் இருந்தால் என்ன குறை என்பது என் எண்ணம். நான் எந்தத் துறையும் இல்லாதவன்.

மாசியில் அறுத்தனர். களத்தில் பொன்னிறமாய்க் குவிந்த நெல்லைக் கைப்பேசி வழியே அண்ணனுக்குக் காட்டினாள் ரேஷ்மி. அவன் திரையருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். மனையென்றும் விற்பனையென்றும் அவன் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

"ஏட்டி," என்றான் அவன், "இங்க வாற ஆளு கையில எனக்கும் கொஞ்சம் புத்தரிசி குடுத்துவிடுவியா?"

ரேஷ்மி தலையை அசைத்தாள். கடலுக்கு அப்பால் அவன் அதைக் கண்டு சிரித்தான். விலை பேசிய வாய் அன்று பங்கு கேட்டது. பொதுமை என்றால் யாதென்று அறிஞர் இன்னும் ஆய்ந்து சொல்லட்டும். தன் பங்கைக் கேட்பதற்கு ஒருவனும், தன் முறையைத் தருவதற்கு ஒருவனும், பலகையைப் பிடித்து நிற்பதற்கு ஒருவனும் உள்ள ஊரில் குளம் வற்றினாலும் நிறையும். வயல் வயலாகவே வாழும்.