சுவரொட்டியின் கடைசி வரி

நூலகத்துக்குக் கண்ணாடி என்கிற பையன் கட்டவேண்டிய அபராதம் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அவன் உயிரைவிடக் கல்லூரிக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

கண்ணாடி என் வகுப்புத் தோழன். மூக்குக்கண்ணாடி போட்டவன், அதனால் அந்தப் பெயர். நான் பகலில் மூட்டை இறக்குகிறவன். முப்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்று, நாற்பத்தொன்றில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். என் வியர்வை வாடைக்கு அந்தச் சீமான் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பெஞ்சு மாறிப்போனார்கள். அவன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மூன்று வாரமாக அவன் வகுப்புக்கு வரவில்லை. ஒரு மதியம் விடுதிக்குப் போனேன். குளிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நோட்டுகளை அடுக்கி என் பக்கம் தள்ளினான்.

"நீங்க வெச்சுக்கங்கண்ணே. எனக்கு இனிமே வேணாம்."

அறைத்தோழன் போனைத் தடவிக்கொண்டே, "நேத்து எனக்கு சட்டையெல்லாம் குடுத்துட்டான். நல்ல மனசு," என்றான். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான். படித்த பிள்ளை.

நான் சுற்றி வளைக்கவில்லை. "செத்துப்போகணும்னு நினைக்கிறியாடா?"

"ஆமாண்ணே. தினமும்."

"சரி, எந்திரி. உன்னைத் தனியா விடமாட்டேன்."

கல்லூரி மருத்துவரைப் பார்க்க அலுவலக எழுத்தர் சீட்டுத் தரவேண்டும். எழுத்தர் கணினியைப் பார்த்தார். என் தோளில் சாய்ந்து நின்றவனைப் பார்க்கவில்லை.

"நூலகத்துல பாக்கி இருக்கு. பாக்கி இருந்தா சீட்டு கிடையாது."

"இப்பவே கட்டுறேன்."

"நூலகர் லீவு. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வரைக்கும் இவன் இருக்கணுமே."

"எல்லாருக்கும்தான் மனசு சரியில்ல, பெரியவரே. எனக்கில்லையா?"

அவர் தலைக்குமேல் ஒரு சுவரொட்டி, 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று பல்லைக் காட்டியது. வேகமாகப் படிக்கிறவர்களுக்கு அந்த மூன்று சொல் போதும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். தொடங்கினால் அடிவரைக்கும் போய்த்தான் நிற்பேன். அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி. உரக்கக் கூட்டினேன்.

"உயிருக்கு ஆபத்து என்றால் சீட்டு வேண்டாம். யாரும் நேரே மருத்துவரிடம் அழைத்து வரலாம்."

எழுத்தர் அண்ணாந்து பார்த்தார். ஆறு மாதமாக அதன் கீழேதான் டீ குடிக்கிறார்.

"இதை எப்போ போட்டாங்க?"

"ஒட்டுனதே நீங்கதானாமே. கீழ 'அலுவலக எழுத்தர்'னு போட்டுக் கையெழுத்து இருக்கு."

மருத்துவர் அவனோடு ஒரு மணி நேரம் பேசினார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூட்டை இறக்கி முடித்த கையோடு தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசத் தெரியாத இடத்தில் பேசாமல் இருந்தேன். அறைத்தோழன் போனில் அழுகிற பொம்மை ஒன்று அனுப்பிவைத்தான்.

பதினெட்டாம் நாள் மாத்திரைப் பையோடு, மெலிந்துபோய், அவன் திரும்பினான். முதல் வேலையாக நூலகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அபராதம் நானூற்று முப்பது ஆகியிருந்தது. அதற்கு மட்டும் ஒருநாள்கூட லீவு இல்லை. நூலகர் மேசையருகே நின்ற எழுத்தர் குழைந்தார்.

"பரவால்ல தம்பி. தள்ளுபடி பண்ணிடச் சொல்றேன்."

"வேணாம் சார். வாங்கிக்கிட்டு ரசீது குடுங்க."

பணத்தை அவனே எண்ணி வைத்தான். ரசீதை வாங்கி, என்னைப் போலவே, கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தான்.

"தேதி தப்பா இருக்கு சார்," என்றான். "மாத்திக் குடுங்க."