லிஃப்ட் மெக்கானிக் சோதித்த இசைப் புத்தகம்

இந்த மனுஷர் புத்தகம் வாங்க வந்தாரா, இல்லை அதற்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்க வந்தாரா?

அவள் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. மனசுக்குள் கேட்டுக்கொள்வது பதினாறு வருஷப் பழக்கம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் ஆரம்பிப்பார். அவர் தொழில் கையேடுகளில் கோளாறுப் பட்டியல் அங்கேதான் இருக்கும். இப்போது புத்தகக் கடையில் இசை அலமாரியின் முன்னால் நின்று, ஆசிரியர் இல்லாமல் தானாகவே மியூசிக் தியரி படிப்பதற்கான புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கமாகத் திறந்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன புக்கு இது? சத்தம் தப்பா வந்தா என்ன செய்யணும்னு ஒரு பக்கம்கூட இல்ல."

"தப்பா வந்தா திரும்ப வாசிக்கணும்."

"காரணம் தெரியாம திரும்பத் திரும்ப பட்டனை அழுத்தறவன்தான் நடு மாடியில மாட்டிக்கறான்."

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். போன மாதம் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கியபோது, அதன் வெள்ளை, கறுப்புக் கட்டைகளைப் பார்த்து, நல்ல வரிசை, நடுநடுவேதான் சொத்தை என்று முதலில் தோன்றியது. அதைத் தட்ட உட்கார்ந்தால் நாள் முழுக்க அரத்தால் ராவிய சத்தம் காதைவிட்டுப் போய்விடும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலிருப்பதே சுகமாக இருந்தது.

ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் அவர் முந்திவிட்டார். அவள் நீச்சல் கற்கப் போனாள். துணைக்கு வந்தவர் இரண்டாவது வாரமே கரையில் நின்று "காலை மடக்காதே" என்று கத்தினார். அவள் ரொட்டி சுடப் பழகினாள்; இப்போது மாவுக்கு அவர்தான் அதிகாரி. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். நல்லவர், அதுதான் சிக்கல். சாட்சி இல்லாமல் முட்டாளாக இருக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அலமாரியில் அவள் கைக்கு ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. பெரிய பெரிய புள்ளிகள். முதல் பக்கத்தின் அடியில், 'இதில் ஒன்றும் புரியவில்லையா? பரவாயில்லை, நாளைக்கு வாருங்கள்' என்று எழுதியிருந்தது. இப்படி யாரும் அவளிடம் சொன்னதேயில்லை.

"ஆ! இதான்யா புக்கு!" என்று கணவர் கூவினார். செங்கல் கனத்துக்கு ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் சுரங்களின் எழுத்துகள். "சர்க்யூட்டே போட்டுக் குடுத்திருக்கான் பாரு!"

சர்க்யூட்டைப் பார்த்தால் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்து டிக் அடிப்பதுதான் வேலை முறை. அவள் "ஏங்க" என்பதற்குள் சிவப்புப் பேனா ஐந்து டிக் அடித்து, ஆறாவதைச் சுழித்துவிட்டது.

"இந்த ஒரே இடத்துல ரெண்டு எழுத்து போட்டிருக்கான். கண்டிப்பா ஷார்ட் ஆகும்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சார், அது விக்கற புக்கு!"

"பயப்படாதீங்க, செக் பண்ணிட்டேன். ஒரே ஒரு கோளாறுதான்."

"பத்து வருஷமா விக்கறேன், யாரும் புகார் சொன்னதில்ல."

"யாரும் திறந்து பாத்திருக்க மாட்டாங்க."

"நீங்க திறந்துட்டீங்கல்ல? இனிமே அது உங்க வீட்டுப் பிள்ளை. கூட்டிட்டுப் போங்க."

கணவர் கொஞ்சமும் அசரவில்லை. செங்கலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நல்லதாப் போச்சு. இந்த வாரத்துல இதை நான் முடிச்சுடறேன். அப்புறம் தினம் சாயங்காலம் உனக்குச் சொல்லித் தரேன். அந்த நோஞ்சானை எடுத்த இடத்துல வெச்சுடு. குடு இப்படி."

கையை நீட்டினார். நக இடுக்கில் கிரீஸ் படிந்த கை. தண்ணீரில் அவளைத் தாங்கிப் பிடித்ததும் அதே கைதான். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் நீச்சலும் ரொட்டியும் போயின.

"இல்லங்க," என்றாள் மெதுவாக. "நீங்க அதைப் படிங்க."

நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு போய், மெல்லிய புத்தகத்தைக் கடைக்காரரிடம் கொடுத்தாள்.

"இதைத் தனிப் பையில போட்டுக் குடுங்க."